கதவுக்கு என்ன நிறம்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்திருப்பன்னு நம்பறேன். அவ்வளவு நேரம் பஸ்ஸில உட்கார்ந்து முட்டி வீங்கியிருக்கும். தைலம் தேய்ச்சு, காலை நீட்டிப் படு. இங்கே நான் இருக்கேன். நலம்னு எழுதக் கை வரல. அதனால இருக்கேன்னு எழுதறேன்.

போனில பேசினா உனக்குக் காதில விழாது. கத்திப் பேசற தெம்பு எனக்கு இல்ல. எழுதினா ஒண்ணும் விட்டுப்போகாம சொல்லலாம். அஞ்சாம் வகுப்பு எழுத்துதான், பொறுத்துப் படி.

முதல்ல ஒண்ணு கேட்கணும். கிளம்பற அன்னைக்குக் காலையில வாசல்ல நின்னு என் ஓரகத்திகிட்ட என்ன சொன்ன? "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, கல்லு மாதிரி நிக்கறாளே, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க"ன்னு சொன்ன. அவ வந்து எங்கிட்ட கோள் மூட்டல. அவ மேல சந்தேகப்படாதே. காது கேட்காததால நீ ரகசியம் பேசினாலும் தெருக்கோடி வரைக்கும் கேட்குது. நான் சமையல்கட்டில தம்ளர் கழுவிட்டிருந்தேன். தெளிவாக் கேட்டுது.

என்ன நடந்ததுன்னு உனக்கு யாரும் முழுசா சொல்லல. நீயும் கேட்கல. வந்ததும் யாருக்கு டீ குடுத்தாச்சு, யாருக்கு நாற்காலி போடணும்னு வேலை ஏவ ஆரம்பிச்சுட்ட. நானே சொல்றேன்.

டாக்டர் வீட்டுச் சோபா. அவர் வெயிட்டிங் ரூமுக்குப் போடறது. அதைத்தான் உன் தங்கச்சி வீட்டுக்காரர் கடையில குனிஞ்சு, ஸ்பிரிங்கைத் தாங்கற நாடாப் பட்டையை இழுத்து ஆணி அடிச்சிட்டிருந்தார். நான் முதுகு காட்டித் தையல் மெஷின்ல உட்கார்ந்திருந்தேன். மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேட்கல. துண்டு வெட்டணும், கத்தரி எங்கேன்னு கேட்டேன். பதில் இல்ல. மறுபடி கேட்டேன். "எடுத்தா எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா"ன்னு திட்டிக்கிட்டே திரும்பினேன். சோபா மேலேயே கவுந்து கிடந்தார். கையில சுத்தி.

நான் கடைசியா அந்த மனுஷனைப் பார்த்துச் சொன்னது அந்தத் திட்டு. அந்தக் கோபத்தோடயே இன்னும் நிக்கறேன். அதை இறக்கி வைக்காம அழுகையை எங்கே வைக்கிறது? நாலு பேர் வந்து எதிர்ல உட்கார்ந்து, பஸ் வருதான்னு பார்க்கிற மாதிரி என் முகத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. வரல. அவங்களும் போயிட்டாங்க.

இன்னொண்ணு. இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். எழுதிடறேன்.

போன மாசம் உனக்கு நிறம் காட்டக் கடுதாசில ரெண்டு ரெக்சின் துண்டு குத்தி அனுப்பினேன், ஞாபகம் இருக்கா? ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை. கடைக் கதவுக்கு அவர் பழைய பெயிண்டைச் சுரண்டி, வெள்ளைப் பிரைமர் அடிச்சு வெச்சிருந்தார். "உனக்கு என்ன நிறம் பிடிக்கும், சொல்லு"ன்னார். நான், "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்"னேன். அவர் சிரிச்சார். "கதவு நம்மது, கண்ணு அவங்களுதா?"ன்னார். ஆனாலும் பிரஷ்ஷைத் தின்னர் டப்பாவில போட்டுட்டுக் காத்திருந்தார். நான் கேட்டா அவர் காத்திருப்பார். உனக்குத் தெரியாது அது.

உன் பதில் அவரை எடுத்துட்டுப் போன மறுநாள் வந்தது. நீ நடு அறையில நாற்காலியில உட்கார்ந்திருந்த. தபால்காரர் வாசல்ல கூப்பிட்டார். போய் வாங்கினா உன் கையெழுத்து. நீ உள்ளே, உன் கடுதாசி வெளியே. இடுப்புல சொருகிக்கிட்டு உனக்குச் சாப்பாடு போட்டேன். நீ ஊருக்குப் போன பிறகுதான் பிரிச்சேன்.

"ரெண்டும் வேண்டாம். சாம்பல் நிறம் அடி. அழுக்கு தெரியாது."

அவ்வளவுதான் இருந்தது.

கதவு இன்னும் வெள்ளையாத்தான் நிக்குது. டப்பாவில தின்னர் வத்தி, பிரஷ் கட்டை மாதிரி ஆயிடுச்சு. உன் மேல வருத்தம்னு நினைக்காதே. வருத்தம் இல்லேன்னும் நினைக்காதே.

உன் தங்கை,
சின்னவள்

*

பிப்ரவரி 19

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. துக்கத்தில் எழுதியிருக்கிறாய், ஆகவே நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

வாசலில் நான் சொன்னது உன் நல்லதுக்கு. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து எத்தனை குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அழ வேண்டிய நேரத்தில் அழாதவர்கள்தான் பிறகு படுக்கையில் விழுவார்கள். மேலும், நாலு பேர் இருக்கும் இடத்தில் நாலு பேருக்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும். நம் அம்மா போனபோது நான் எப்படி இருந்தேன் என்று எல்லோரும் இன்றும் சொல்வார்கள்.

சாம்பல் நிறம் யோசித்துத்தான் எழுதினேன். தெருப் பக்கம் இருக்கிற கதவு. புழுதி படும். தபால் தாமதமானதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இப்போது முக்கியமான விஷயம். பின்பக்க அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். கட்டில், அலமாரி, ஜன்னலுக்குத் திரை எல்லாம் போட்டாயிற்று. மாதம் முடிவதற்குள் கிளம்பி வந்துவிடு. பிள்ளையா குட்டியா, உனக்கு அங்கே என்ன இருக்கிறது? கடை இருக்கிறது என்பாய். கடை என்பது அவருடைய கை. அந்தக் கை போன பிறகு கடை ஏது? உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை. நீ உதவிக்கு இருந்தாய். உதவிக்கு இருப்பது வேறு, நடத்துவது வேறு.

அவர் செய்து தந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எத்தனை வருஷம் ஆயிற்று. இந்த விளிம்புத் தையல் ஓர் இடத்தில்கூட நெளியவில்லை, நூல் ஒன்று பிரியவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவேன். அப்படிப்பட்ட கை இனி எங்கே கிடைக்கும் என்று நினைத்து நானும் கொஞ்சம் அழுதேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடுதாசியை ரெண்டு தரம் படிச்சேன். கட்டிலும் திரையும் போட்டதுக்கு ரொம்ப நன்றி. சந்தோஷமா இருந்தது. அப்புறம் "உதவிக்கு இருந்தாய்" வந்தது. அதோட சாப்பாடு இறங்கல. நீதான் சாப்பிடாம இருக்காதேன்னு எழுதியிருக்க.

அதைப் பத்தி இப்ப பேசல. நல்ல சேதி ஒண்ணு இருக்கு. அதை எழுதறேன்.

டாக்டர் வீட்டுச் சோபாவை முடிச்சுட்டேன். நான் மட்டும். அது அப்படியே நடுக்கடையில நின்னுது. யாரும் அதைத் தொடல, பயம். ஒருநாள் காலையில கதவைத் திறந்து போய் அது முன்னால நின்னேன். அவர் அடிச்ச பட்டை பாதி வரைக்கும் இழுத்து நிக்குது, மீதி தொங்குது. கடைசி ஆணி பாதிதான் இறங்கியிருந்தது. அதே சுத்தியை எடுத்து அதை அடிச்சு முடிச்சேன். ஆணி இறங்கின பிறகும் கை அடிச்சுக்கிட்டே இருந்தது. அப்புறம் நின்னுடுச்சு.

பட்டை, ஸ்பிரிங் எல்லாம் அவர் வேலை. நான் பார்த்திருக்கேன், செஞ்சதில்ல. முதல் தடவை கட்டினப்ப உட்கார்ந்து பார்த்தா ஒரு பக்கம் பள்ளம். கழட்டிட்டேன். ரெண்டாவது தடவையும் கழட்டினேன். அவரை மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் கட்டினேன். சொல்லிக்குடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதான்னு. அப்புறம் ஸ்பிரிங் நேரா நின்னுடுச்சு. மேல ஃபோம் போட்டு, கருநீல ரெக்சின் இழுத்து, ஓரத்துக்கு உள்ளே கயிறு வெச்சுப் பைப்பிங் விளிம்பு தைச்சேன். கொழுந்தனார் ஒரு பக்கம் தூக்கினார், டாக்டர் வீட்டு டிரைவர் மறுபக்கம்.

டாக்டர் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வரல, நோயாளிங்க போகவே மாட்டாங்க போல"ன்னார். யார் முடிச்சதுன்னு கேட்டார். நான்தான்னேன். "பலே"ன்னார்.

அக்கா, அவர் பலேன்னு சொன்னது எனக்கு உறைக்கவே இல்ல. உடனே உனக்கு எழுதணும்னுதான் தோணிச்சு. இதோட அந்த ரெக்சின்ல ஒரு துண்டு குத்தியிருக்கேன். பைப்பிங் தையலோட வெட்டின துண்டு. நீ கையில எடுத்துப் பார். தையலைத் திருப்பியும் பார். பார்த்தாலே உனக்குத் தெரியும்.

நான் கடையை நடத்தணும்னு நினைக்கிறேன். அங்கே வந்து பின்னறையில இருக்க எனக்கு மனசில்ல. ஆனா நீ சரின்னு ஒரு வார்த்தை எழுதினா எனக்குத் தெம்பா இருக்கும். நல்லாருக்கான்னு எழுது.

உன் தங்கை,
சின்னவள்

*

மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

துணி கிடைத்தது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தையல் பரவாயில்லை.

ஆனால் நீ கேட்டதால் உண்மையைச் சொல்கிறேன். சாய்வு நாற்காலியின் விளிம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். அவர் கையின் நேர்த்தி இதில் இல்லை. அந்த நேர்த்தி பிறவியிலேயே வருவது. டாக்டர் உன் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டு ஏதோ சொல்லியிருப்பார். நாளைக்கு வேறு ஒருவர் முகத்துக்கு நேராகக் குறை சொன்னால் உன்னால் தாங்க முடியாது. நான் சொல்வதையே உன்னால் தாங்க முடிவதில்லை.

உன் கொழுந்தனாருக்கு எழுதியிருக்கிறேன். கடையை மூட ஏற்பாடு செய்யவும், மெஷினை எடுத்துக்கொள்ள ஆள் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன். உனக்கு அதை எல்லாம் செய்கிற மனநிலை இருக்காது என்றுதான். கோபப்படாதே. உன் வாழ்க்கையில் முக்கியமான முடிவை எல்லாம் என்னைக் கேட்டுத்தான் எடுத்திருக்கிறாய். எதிலாவது கெட்டுப்போனாயா?

திரைக்கு இளம் மஞ்சள் போட்டிருக்கிறேன். உனக்குப் பிடிக்கும்.

அக்கா

*

மார்ச் 14

அக்காவுக்கு,

அன்புள்ளன்னு எழுத வந்தது, நிறுத்திட்டேன். இதை முடிக்கிறப்ப இருந்தா போடறேன்.

நேத்து கொழுந்தனார் ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தார். அந்த ஆள் நேரா மெஷின்கிட்ட போய் சக்கரத்தைச் சுத்திப் பார்த்தான், மூடியைத் தட்டிப் பார்த்தான், ஏதோ மாட்டுப் பல்லைப் பார்க்கிற மாதிரி. யாருன்னு கேட்டேன். கொழுந்தனார் தரையைப் பார்த்தார்.

"அண்ணி, பெரியக்கா எழுதியிருந்தாங்க. நீங்க சம்மதிச்சுட்டீங்கன்னு."

"நான் சம்மதிச்சதை நான் எழுதினேனா, அவ எழுதினாளா?"

"அவங்கதான் எழுதினாங்க. எனக்கு என்ன அண்ணி, அவங்க எழுத்தைப் பார்த்தாலே ஊசி போட வர மாதிரி இருக்கு. மறுத்துப் பேச முடியல."

நான் போய் மெஷின்ல உட்கார்ந்தேன். கையில இருந்த துண்டைப் போட்டுத் தைக்க ஆரம்பிச்சேன். "அண்ணி, கொஞ்சம் எழுந்திருங்க, அவர் மெஷினைப் பார்க்கட்டும்"னார். "பார்க்கட்டுமே. நின்ன மெஷினைப் பார்த்தா என்ன தெரியும், ஓடறப்பப் பார்க்கட்டும்"னேன். அந்த ஆள் ரொம்ப நேரம் நின்னான். நான் எழுந்திருக்கல. தைக்க வேலையே இல்ல, சும்மா ஒரே துண்டுல போயிட்டு வந்துட்டு இருந்தேன். கடைசியில அவன் கொழுந்தனாரைப் பார்த்து, "இவங்க குடுக்க மாட்டாங்க போலிருக்கே"ன்னான். "போலிருக்குன்னு இல்ல"ன்னேன். போயிட்டான். கொழுந்தனார் டீ குடிச்சார். பாவம், மனுஷன் நல்லவர்தான். போறப்ப, "அண்ணி, பெரியக்காவுக்கு நீங்களே எழுதிடுங்க. என் பேரை இழுக்காதீங்க"ன்னார். இழுத்துட்டேன். நீ அவரை ஒண்ணும் சொல்லாதே.

நான் சம்மதிச்சேன்னு நீ எப்படி எழுதலாம்? ஒருத்தி உயிரோட இருக்கறப்பவே அவ வாயை நீ எடுத்து வெச்சுப் பேசலாமா?

இப்ப தையலுக்கு வரேன்.

அக்கா, அவர் தைக்கவே மாட்டார். அவருக்கு மெஷின்ல நூல் கோர்க்கத் தெரியாது. ஊசி உடைஞ்சா என்னைத்தான் கூப்பிடுவார். கட்டை, பட்டை, ஸ்பிரிங், ஆணி, அது அவர். வெட்டறது, தைக்கிறது, பைப்பிங், பட்டன், அது நான். கல்யாணமான புதுசுல இருந்து அப்படித்தான். கடைக்கு வரவங்க எல்லாருக்கும் தெரியும். எதிர்க்கடைக்காரருக்குத் தெரியும். டாக்டர் வீட்டு டிரைவருக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது.

நீ வரவங்களுக்கெல்லாம் காட்டற அந்த நாற்காலி விளிம்பு நான் போட்டது. துண்டும் நான் போட்டது. ரெண்டும் ஒரே கை. நீ ரெண்டையும் பக்கத்துல வெச்சு வெளிச்சத்துல பார்த்து, ஒண்ணு பிறவி நேர்த்தி, இன்னொண்ணு பரவாயில்லைன்னு எழுதியிருக்க. நீ தையலைப் பார்க்கல. யாருதுன்னு பார்த்த.

நீயே ஏன் சொல்லலன்னு கேட்பே. கேளு. நாற்காலியை உன் வீட்டுல கொண்டுவந்து இறக்கின அன்னைக்கு நீ அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டு, "என் தங்கச்சி வீட்டுக்காரர் கையைப் பாருங்க, தங்கக் கை"ன்னே. அவர் உடனே, "அது நான் இல்லைங்க"ன்னு வாயைத் திறந்தார். நான் அவர் தொடையில கிள்ளினேன். நல்லா நகம் பதியக் கிள்ளினேன். மூடிக்கிட்டார்.

திரும்பி வரப்ப பஸ்ஸில தொடையைத் தேய்ச்சுக்கிட்டே கேட்டார், "எதுக்குக் கிள்ளின?"

"நாம சொல்லக் கூடாது. அக்கா தானா கண்டுபிடிக்கட்டும்."

"கண்டுபிடிக்கலேன்னா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவரும் விட்டுட்டார். அதுக்கப்புறம் நீ ஒவ்வொரு கடுதாசியிலயும் அந்தத் தங்கக் கையை விசாரிச்சு எழுதறப்ப, அவர் படிச்சுட்டு என் கையைத் தூக்கிப் பார்த்து, "சௌக்கியமா இருக்கியா"ன்னு கேட்பார். கிண்டல்தான். ஆனா என் கையைத்தான் கேட்பார்.

அவருக்குத் தெரிஞ்சிருந்தது. அது எனக்குப் போதும்னு இருந்திருக்கணும். இல்ல, அதுவும் வேண்டாம், எனக்குத் தெரிஞ்சிருந்ததே போதும்னு இருந்திருக்கணும். நான் உன் ஒரு வார்த்தைக்காக உட்கார்ந்திருந்தேன்.

எப்ப ஆரம்பிச்சதுன்னு உனக்கு ஞாபகம் இருக்காது. நீ நர்ஸ் படிக்கப் போன. படுக்கையில இருந்த அம்மாவைப் பார்த்துக்க ஆள் வேணும்னு என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினாங்க. அது தப்புன்னு நான் சொல்ல வரல, யாராவது ஒருத்தி இருக்கணும். நான் அம்மா பக்கத்துல உட்கார்ந்து அவ பழைய புடவையில ஒரு தலையணை உறை தைச்சேன். கையாலதான். அதுல ஒரு துண்டை வெட்டிக் கடுதாசில குத்தி உன் ஹாஸ்டலுக்கு அனுப்பினேன். அதுதான் முதல் துண்டு. நீ எழுதின, "மூலை சரியில்லை."

அதுல இருந்து பிடிச்சுக்கிட்டேன். நல்லாருக்குன்னு வாங்கிடணும்னு. ரவிக்கைத் துணி, திரைத் துணி, சோபாத் துணி, எதை எடுத்தாலும் ஓரத்துல ஒரு துண்டு உனக்கு. சுமார். போதும். பரவாயில்லை. இந்த மூணைத் தவிர வேற எழுதினதே இல்ல நீ. மாப்பிள்ளை பார்த்து போட்டோ அனுப்பினப்ப அவருக்கும் "பரவாயில்லை"தான் வந்தது. அந்தப் பரவாயில்லை மனுஷனோட நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன்னு உனக்கு எழுதக்கூட இல்ல. எழுதினா அதுக்கும் ஒரு மார்க்கு போடுவியோன்னு பயம்.

எதிலாவது கெட்டுப்போனாயான்னு கேட்டிருக்க. அதுக்கு எனக்குக் கொதிச்சு வந்தது. ஒரு நல்ல மனுஷன் பிரஷ்ஷை டப்பாவில போட்டுட்டு, பொண்டாட்டி ஒரு நிறம் சொல்வான்னு காத்திருந்து போயிட்டார். அவர் கேட்டது பெருசா ஒண்ணும் இல்ல. உனக்கு என்ன பிடிக்கும். இது போதாதா கெட்டுப்போக?

நீ சொன்னேன்னு நான் செஞ்சதுக்கு உன்னை மட்டும் குத்தம் சொல்லல. கேட்டது நான். ஆனா நான் கேட்கிறேன்னு தெரிஞ்சு, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லாருக்குன்னு எழுதினா உன் கை சுளுக்கிக்குமா? வார்டுல நீ நுழைஞ்சா நோயாளிங்க கூட நேரா படுப்பாங்கன்னு பெருமையா சொல்வ. நான் உன் வார்டு இல்ல.

நாற்காலி விளிம்பைப் பத்தி நான் சொன்னதை நம்பினா நம்பு. நம்பலேன்னாலும் தையல் பிரியாது.

நான் வரல. கடையை மூடல. மெஷின் இங்கேயே இருக்கும்.

முடிச்சுட்டேன். அன்புள்ளன்னு போடலாமான்னு பார்த்தேன். இருக்கு, ஆனா இன்னைக்கு எடுக்க வரல.

சின்னவள்

*

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் நேத்து வந்தது. கனமா இருக்கு. நீ இவ்வளவு பெருசா எழுதி நான் பார்த்ததில்ல. மெஷின் மேல வெச்சிருக்கேன். பிரிக்கல. இதை எழுதித் தபால்ல போட்டுட்டு வந்துதான் பிரிப்பேன். அதுல நல்லாருக்குன்னு இருக்கலாம். இரக்கமே இல்லாத தங்கச்சின்னு இருக்கலாம். எது இருந்தாலும் நான் இதுல எழுதறது மாறக் கூடாது. அதுக்குத்தான்.

போன வாரம் பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிறம் எல்லாம் இருக்கிற அட்டையை விரிச்சுப் போட்டார். "எந்த நிறம்மா?"ன்னார். "அக்கா"ன்னு நாக்கு வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கினேன். நின்னேன். அட்டையில எவ்வளவு நிறம் இருக்கு, எனக்கு ஒண்ணு கூட பிடிக்கறதா தெரியல. பிடிக்குதா இல்லையான்னு பார்க்கிற பழக்கமே இல்லையே. எதைப் பார்த்தாலும் உனக்குப் பிடிக்குமான்னுதான் கண்ணு போகுது. அங்கேயே எனக்குக் கோபம் பொங்கிச்சு. உன் மேல இல்ல, இந்தத் தடவை.

பின்னாடி நாலு பேர் நிக்கறாங்க. கடைக்காரருக்கு அவசரம். "வீட்ல கேட்டுட்டு வாங்களேம்மா"ன்னார்.

"வீட்ல நான்தான் இருக்கேன்"னேன்.

சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தைன்னு எனக்கே தெரிஞ்சுது. கண்ணு கலங்கிடுச்சு. அவர் பாவம், அட்டையை என் பக்கம் நகர்த்தி வெச்சுட்டு மத்தவங்களைக் கவனிக்கப் போயிட்டார். நான் நிதானமா ஒவ்வொண்ணா விரலை வெச்சுப் பார்த்தேன். ஒரு இடத்துல விரல் நகரல. அதைக் குடுங்கன்னேன்.

கதவு அடிக்கிறப்ப ஒண்ணு பார்த்தேன். அவர் அடிச்ச பிரைமர்ல, தாழ்ப்பாளுக்குக் கீழே, பிரஷ் மயிர் ஒண்ணு ஒட்டிக் காய்ஞ்சிருந்தது. அவர் பெயிண்ட் அடிச்சா அப்படித்தான், எதுலயாவது ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். நகத்தால எடுக்கப் போனேன். எடுக்கல. அது மேலேயே அடிச்சேன். அப்ப அழுகை வந்தது, அக்கா. கதவைப் பிடிச்சுக்கிட்டு, உள்ளங்கை எல்லாம் பெயிண்டா அழுதேன். கத்தரிக்காகத் திட்டினதுக்கு, பதில் சொல்லாம போனதுக்கு, எல்லாத்துக்கும். யாரும் பார்க்கல. ஓரகத்திகிட்ட சொல்ல வேண்டாம், இது பார்க்கிறவங்களுக்காக அழுதது இல்ல.

மீதிக் கதவையும் அடிச்சு முடிச்சு நிமிர்ந்தா எதிர்க்கடைக்காரர் இடுப்புல கை வெச்சுக்கிட்டு நிக்கறார். "இந்த நிறமா? கண்ணைக் குத்துதே"ன்னார். போன மாசமா இருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன். "அப்போ நேராப் பார்க்காதீங்க, கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி பாருங்க"ன்னேன். சிரிச்சுட்டார். மறுநாள் அவர் கடை ஸ்டூலுக்கு மேலுறை தைக்கக் குடுத்திருக்கார். குடுத்ததால அவர் சொன்னது மாறல. இன்னும் கண்ணைக் குத்துதுன்னுதான் சொல்றார். சொல்லட்டும்.

உன் முட்டி எப்படி இருக்கு? படி ஏறாதே. பின்னறை சும்மா கிடக்கேன்னு நீ வருத்தப்படுவ. உனக்குக் கூட ஒரு ஆள் வேணும்னு எனக்குத் தெரியாம இல்ல. அதை நீ நேரா கேட்டிருந்தா நான் வந்து கொஞ்ச நாள் இருந்துட்டு வந்திருப்பேன். எனக்காகன்னு சொல்லிக் கூப்பிட்ட. இனிமே உனக்கு வேணும்னா உனக்கு வேணும்னு எழுது. வரேன், இருக்கேன், திரும்பி என் கடைக்கு வந்துடுவேன்.

நீயும் இங்கே வரலாம். நடு அறையில இடம் இருக்கு. கடைக்கு வந்தா மட்டும் வார்டு சுத்திப் பார்க்கிற மாதிரி பார்க்கக் கூடாது. ஸ்டூல் போடறேன், உட்காரு. நான் தைக்கிறப்ப பேசாதே, உன் குரலுக்கு நூல் அறுந்துடும்.

இதுல துண்டு எதுவும் குத்தல. கவரைக் கவுத்துத் தட்டிப் பார்க்காதே. கதவு என்ன நிறம்னும் எழுதல. தெரியணும்னா வந்து பார்.

இப்படிக்கு,
குஷன் கடைக்காரி